இஜென் மலைக் கந்தகமும் என் தம்பியின் படிக்கட்டும்

இந்த ஆண்டு மலருக்கும் ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று பங்குக் கோயில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். போன தடவை நான் லூர்து போய்வந்து எழுதியதை வாசித்துவிட்டு, வாத்திமாரே இப்படி எழுத மாட்டினம் என்று ஆட்கள் கதைத்தது என் காதிலும் விழுந்தது. ஐந்தாம் வகுப்போடு பாசையூரில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மொன்றியலை ஒட்டிய லவாலில் என்னைத் தெரியாத தமிழர் குறைவு. வந்த புதிதில் டோர்வல் விமான நிலையத்தில் விமானம் கழுவினேன். பிறகு பத்தொன்பது வருஷம் விமானத்துக்குள் பயணிகளின் பெட்டி ஏற்றினேன். அதில் பதினாறு வருஷம் போர்மன். பதினான்கு தமிழரை அந்த வேலைக்குள் கொண்டுவந்தவன் நான். இன்றைக்கு மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுக்கிற மூன்று லொறிகளின் கதவில் என் பெயர் இருக்கிறது. சுமை என்றால் என்னவென்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் இந்தோனேசியாவுக்கு விமானம் ஏறினேன்.

போன காரணம் என் தம்பி யோகன். பார்க் எக்ஸ்டென்ஷனில் டெப்பனர் என்கிற தெருமுனைக் கடையொன்றில் காசு மேசைக்குப் பின்னால் நிற்பானே, அவன்தான். நாரி சரியில்லாதவன், இடுப்பு வளையாது. அவனுடைய ஒரே மகள் டிலானி எரிமலையைப் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது. ஜாவாத் தீவின் கிழக்குப் பக்கத்தில் இஜென் என்று ஒரு மலை. மலையின் வாய்க்குள் ஓர் ஏரி. அந்த ஏரிக்கரையில் கந்தகம் வெட்டுகிறார்கள். ஏரித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதிப்பதற்காக ஆறு மாதம் அங்கே போயிருந்தாள். நான் வேலை செய்கிற இடத்தை ஒருக்கால் வந்து பாருங்கோ அப்பா என்று தகப்பனைக் கேட்டிருந்தாள். யோகனின் மனைவிக்குக் கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை, லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போக அவனுக்கு நாரி விடாது. கூட வந்து பெட்டி தூக்க ஓர் ஆள் வேண்டும். தூக்குகிற வேலையென்றால் என்னைத்தானே கேட்க வேண்டும்.

யோகனின் நாரிக் கதையும் உங்களுக்குத் தெரியும். அவன் இருக்கும் இரண்டாம் மாடி வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. பதினெட்டு வருஷத்துக்கு முன், முதல் பனி கொட்டிய காலையில் அந்தப் படியில் சறுக்கி விழுந்தான் என்பது கதை. அதை அதிகம் சொல்லித் திரிந்தவனும் நான்தான். கடலில் வள்ளத்து விளிம்பில் நடந்து திரிந்தவன் மொன்றியலில் பதினாறு படிக்குத் தோற்றுப்போனான் என்று நான் சொல்ல, எத்தனை கலியாண வீட்டில் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மாரிக்கும் பனி உருகப் படியில் போட ஒரு மூட்டை உப்பு நான்தான் கொண்டுபோய் இறக்குவேன். டிலானி ஏழு வயதிலிருந்து, பள்ளிக்கூடம் போகமுன் அந்தப் படிக்கு உப்புத் தூவிவிட்டுத்தான் போவாள்.

சுரபாயா விமான நிலையத்தில் இறங்கினோம். யோகனின் பெட்டி வந்தது. என்னுடையது வரவில்லை. பத்தொன்பது வருஷம் ஊரார் பெட்டியை ஏற்றி இறக்கியவனுடைய பெட்டி. முறைப்பாடு எழுதுகிற பெண் என்ன நிறம், என்ன அளவு என்று கேட்டாள். நிறத்தை விடு பிள்ளை, எந்த ஊரில் மாறி ஏறினோம், அங்கே எத்தனை மணித்தியாலம் கிடைத்தது, எந்தத் தட்டில் தவறியிருக்கும் என்று நான் சொல்கிறேன் என்று தொடங்கினேன். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த டிலானி எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று மொழி மாற்றினாள். அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். “இந்த ஐயாவை வேலைக்கு எடுத்தால் நாங்கள் வீட்டை போகலாமாம், பெரியப்பா.”

மலையேறவென்று வாங்கிய சப்பாத்து அந்தப் பெட்டிக்குள். காலில் கிடந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்து. அதோடுதான் எரிமலை ஏறினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க வான் வண்டியில் ஓட்டம். சாரதியின் பெயர் ஹாடி. பாக் ஹாடி என்று கூப்பிட வேண்டும். பாக் என்றால் அங்கே ஐயா. எங்கள் ஊர் மினிபஸ்காரரைவிட மோசமாக ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவனுக்குக் கையைத் தூக்கி மரியாதை செய்தார். மலையடிவாரத்தில் வானுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. தண்ணீர் கொதித்துவிட்டது. இறங்கித் தள்ளச் சொன்னார்.

நானும் டிலானியும், வழியில் போன இரண்டு கோப்பித் தோட்டக்காரரும் தள்ளினோம். யோகன் தெருவோரம் நின்றான். பாக் ஹாடி அவனைக் காட்டி ஏதோ கேட்க, டிலானி அவர்களுடைய மொழியில் விளக்கம் சொன்னாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் கையைச் சரித்து, வழுக்கிக் காட்டி, இடுப்பைப் பிடித்தபோது என்ன சொல்கிறாள் என்று தெரிந்தது. பனிக்கட்டியை விளங்கப்படுத்தத்தான் கஷ்டப்பட்டாள். தெருவில் தண்ணீர் கல்லாகிக் கிடக்கும் என்றதைத் தோட்டக்காரர் இருவரும் நம்பவில்லை. யோகன் என்னைப் பார்த்தான். நான் வானைத் தள்ளினேன்.

வான் ஆறும்வரை ஒரு கடையில் சாப்பிட்டோம். வாழையிலையில் சோறு, பொரித்த கோழி, அம்மியில் அரைத்த சிவப்புச் சம்பல். அங்கேயும் அதற்குச் சம்பல் என்றுதான் பெயர். எங்களிடமிருந்து போயிருக்கும் என்றேன். இங்கிருந்துதான் எங்களுக்கு வந்திருக்கும் என்றாள் டிலானி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. உறைப்பில் அவர்கள் எங்களுக்குக் கிட்டவும் வரமாட்டார்கள் என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கினேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. சோயா அவரையைப் புளிக்கவைத்துத் துண்டு துண்டாய் வெட்டிப் பொரித்த ஒன்றும் தந்தார்கள். டெம்பே என்று பெயர். முதல் வாயில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது துண்டில் கை தானாகப் போகும்.

கடையில் இருந்தது முழங்கால் உயர வாங்குப் பலகை. யோகனால் அதில் இருக்க முடியாது. இலையைக் கையில் ஏந்தி வானில் சாய்ந்து நின்று சாப்பிட்டான். எங்கள் கொண்டாட்டங்களிலும் அவன் நின்றுதான் சாப்பிடுவான். எவ்வளவு பணிவான மனுசன், கடைசிவரைக்கும் பரிமாறிக்கொண்டு நிற்கிறார் என்று ஆட்கள் சொல்வார்கள். நானும் ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடிந்த கையோடு மலையடிக்குப் போனோம். யோகன் எங்களோடு வெளிக்கிட்டான். முதலாவது வளைவுவரை வந்தான். அங்கே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் முகம் வெளிறிப்போயிருந்தது. நான் தேத்தண்ணிக் கடையில் நிற்கிறேன், நீங்கள் பார்த்துவந்து சொல்லுங்கோ அண்ணை என்றான். அரை உலகம் தாண்டி மகளுடைய ஏரியைப் பார்க்க வந்தவன், கடைசி மூன்று கிலோமீற்றரில் நின்றுவிட்டான். டிலானி, அப்பா, நான் நிறையப் படம் எடுத்துக்கொண்டு வாறன் என்றாள்.

பாதை செங்குத்து. பூசைச் சப்பாத்து மண்ணில் வழுக்கியது. கொஞ்சத் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கிறீச், கிறீச் என்று ஒரு தாளத்தோடு மேலேயிருந்து இறங்கி வந்தது. வளைவு திரும்பினால் ஒரு மனிதர். தோளில் மூங்கில் தண்டு, தண்டின் இரு பக்கமும் கூடை, கூடை நிறைய மஞ்சள் கட்டி. சின்ன உருவம்; என் தோளுக்கு வரமாட்டார். காலில் செருப்பு. தண்டு வளைந்து எழும்புகிற நேரம் பார்த்துக் காலை வைத்தார். ஒரு தடவையில் எழுபது, எண்பது கிலோ என்றாள் டிலானி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். நான் என்றால் இதைவிட நல்லாய்த் தூக்குவேன் என்று கணக்கு வந்தது.

மலை விளிம்புக்கு வந்தபோது ஏரி தெரிந்தது. அழகு என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வேறொன்று. விமானக் கழிவறைத் தொட்டிக்குள் ஒரு மருந்துத் தண்ணீர் விடுவோம், நீலமும் பச்சையும் கலந்த நிறம். வந்த புதிதில் அதைத்தான் என் கை முழுக்கப் பூசிக்கொண்டு திரிந்தேன். அந்த நிறத்தில் ஒரு முழு ஏரி, ஒரு புல்லும் இல்லாத சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவில், சுடச்சுடக் கிடந்தது. கரையோரம் வெள்ளைப் புகை. இந்தத் தண்ணீர் துணியையே அரித்துவிடும் என்று டிலானி சொன்னாள். இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் பிள்ளை வேலை செய்கிறாள் என்று நினைக்க எனக்குப் பெருமையாய் இருந்தது. இதைப் பார்க்க வேண்டியவன் கீழே நிற்கிறான் என்பதும் ஞாபகம் வந்தது.

விளிம்பிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கினோம். கூழ்முட்டை நாற்றம் நெஞ்சை அடைத்தது. மலையிலிருந்து வருகிற ஆவியைக் குழாய்களுக்குள் பிடித்து விடுகிறார்கள். குழாய் வாயில் கந்தகம் சிவப்பாய், சீனிப் பாணி போலச் சொட்டுகிறது. ஆறினால் மஞ்சள். ஆறியதை அலவாங்குக் கம்பியால் உடைத்துக் கூடையில் அடுக்குகிறார்கள். முகமூடி டிலானிக்கும் எனக்கும் இருந்தது. அவர்கள் ஈரத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

நிறைத்து வைத்திருந்த ஒரு சோடிக் கூடைக்குக் கிட்டப் போய், தூக்கிப் பார்க்கட்டா என்று கையால் கேட்டேன். டிலானி வேண்டாம் பெரியப்பா என்றாள். எனக்கு வயது அறுபத்துநாலு. ஆனாலும் டோர்வலில் என்னோடு போட்டி போட்டுத் தோற்றவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்து எழும்பினேன். கூடைகள் நிலத்தைவிட்டு ஒரு விரற்கடை கிளம்பின. பிறகு நானும் கூடைகளும் ஒன்றாக நிலத்தில் இருந்துவிட்டோம். நாலைந்து பேர் கூடிச் சிரித்தார்கள். பல் விழுந்த ஒருவர் துணியை வாயிலிருந்து எடுத்து ஏதோ சொன்னார். டிலானி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழி மாற்றினாள். “ஐயா ஏற்கனவே முன்பக்கம் ஒரு கூடை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாராம். அது போதுமாம்.”

என் வயிற்றைத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் சட்டைக் கழுத்தை இழுத்துத் தன் தோளைக் காட்டினார். தண்டு அழுத்திய இடத்தில் தேசிக்காய் அளவுக்குத் தடித்த சதை. இரண்டு தோளிலும் இருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

விளிம்புக்குத் திரும்பி ஏறும்போது எங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் சுமையோடு போனார். நாற்பது வயது இருக்கும். இடது முழங்காலை மடக்காமல் இழுத்து இழுத்து வைத்தார். ஒரு திருப்பத்தில் கூடைகளை இறக்கிவிட்டுக் குந்தினார். பின்னால் வந்த மூன்று பேர் அவரைத் தாண்டும்போது நின்றார்கள். ஒவ்வொருவராய்க் குனிந்து அவர் கூடையிலிருந்து இரண்டு கட்டி, மூன்று கட்டி எடுத்துத் தங்கள் கூடைகளுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

பெட்டி ஏற்றிய இடத்தில் நான் களவு பிடித்த ஆள். பூட்டு உடைக்கிற கையை நடையிலேயே கண்டுபிடிப்பேன். டிலானியின் கையைப் பிடித்து, பார் பிள்ளை, நொண்டியின் கூடையிலிருந்து பட்டப்பகலில் எடுக்கிறாங்கள் என்றேன். அவளும் அதை முன்பு கண்டதில்லை. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. பாரம் குறைந்த கூடைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பி நடந்தார். அடிபட்டு அடிபட்டு வாய் செத்துப்போன மனுசன் என்று நினைத்தேன். கூலிக்கு நிறுக்கிற இடத்தில் இதை விடுவதில்லை, டிலானியை வைத்துக் காட்டிக்கொடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டு பின்னால் போனேன்.

விளிம்பு தாண்டி இறங்குகிற வழியில் பாதியில் இருக்கிறது நிறுக்கிற கொட்டில். கூரையில் ஒரு தராசு தொங்குகிறது. ஒருவர் கணக்குக் கொப்பியோடு இருக்கிறார். முன்னே போன மூன்று பேரும் அங்கே நின்றார்கள். தங்கள் சுமையை நிறுக்கவில்லை. வாங்கில் இருந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால்காரர் வந்து சேர்ந்தார். மூவரும் எழும்பி, எடுத்த கட்டிகளைத் திருப்பி அவர் கூடைக்குள் அடுக்கினார்கள். ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் சரிபார்த்தார். பிறகுதான் நிறுத்தார்கள். முழு நிறையும் முழங்கால்காரர் பெயரில் ஏறியது. கொப்பிக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

டிலானி போய் விசாரித்து வந்தாள். அவர் போன மாதம் பாதையில் விழுந்தவராம். கால் சரிவரும்வரைக்கும் எல்லோரும் இப்படித்தானாம். விழுந்ததை உடனே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டுமாம், மறைத்தால்தான் கோபிப்பார்களாம். இது அவர்களுக்குள் ஒரு வழக்கமாம்.

நான் வாங்கில் இருந்தேன். டிலானி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவள் சும்மா கேட்டாள். மனதில் ஒன்றையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. “பெரியப்பா, அப்பா அந்தப் படியிலை விழாட்டி அவரும் உங்களை மாதிரி போர்மன் ஆகியிருப்பார், என்ன?”

“உன்ரை அப்பா படியிலை விழேல்லை,” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு மிச்சத்தையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது யோகன் வந்து இரண்டு வருஷம். என்னோடுதான் வேலை. விமானத்தின் வயிற்றுக்குள் எழும்பி நிற்க முடியாது. முழங்காலில் நின்று பெட்டி அடுக்க வேண்டும். ஒரு பெட்டி, உள்ளே கல்லா இரும்பா தெரியாது, அவன் திரும்பிப் பிடித்த நேரம் நாரி விட்டது. அடுக்கிய பெட்டிகளுக்கு மேலேயே சரிந்து கிடந்தான். நான்தான் காலில் பிடித்து வெளியே இழுத்தேன். வேலையில் அடிபட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வைத்தியமும் சம்பளமும் கிடைக்கும். இந்த மாகாணத்துச் சட்டம் அது. ஆனால் அந்தக் கிழமைதான் பெரிய முதலாளி என் தோளில் தட்டி, உன்னுடைய ஆட்கள் ஒருநாளும் முறைப்பாடு சொல்வதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது என்று சொல்லியிருந்தார். நாலு தமிழரின் விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது. என்னைப் போர்மன் ஆக்குகிற கதையும் நடந்துகொண்டிருந்தது. முதலாவது படிவம் என் சொந்தத் தம்பியிடமிருந்து போகக்கூடாது என்று நினைத்தேன். வெளியே சொல்லாதே, வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொல் என்றேன். அண்ணன் சொன்னால் தம்பி கேட்பான். கேட்டான்.

டிலானி கோபிப்பாள் என்று காத்திருந்தேன். போத்தலை மூடினாள், திரும்பத் திறந்தாள். “நான் ஒவ்வொரு நாளும் உப்புப் போட்டனான், பெரியப்பா,” என்றாள். பிறகு எழும்பி எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். அடிவாரம்வரை அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

யோகன் தேத்தண்ணிக் கடைக்கு வெளியே நின்றிருந்தான். மகளைக் கண்டு கையை ஆட்டினான். ஏரி எப்படி, படம் எங்கே என்று ஆசையாய்க் கேட்டான். அவள் படம் காட்டவில்லை. தகப்பனுக்கு முன்னால் போய் நின்று, “அப்பா, நீங்கள் படியிலை விழேல்லையோ?” என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான். பதினெட்டு வருஷமாய் அந்தப் பார்வையை அவன் வைத்திருந்தான் போலும். பிறகு, கமரா இருக்கிற கையைக் காட்டி, ஏரியைக் காட்டு பிள்ளை என்றான். அவள் காட்டினாள். இரண்டு பேரும் ஒரு குட்டித் திரையைக் குனிந்து பார்த்தார்கள். குனிவது அவனுக்கு ஆகாது. குனிந்துகொண்டே நின்றான்.

அடுத்த நாள் காலை அவனும் நானும் தங்கிய வீட்டு வாசலில் கோப்பி குடித்தோம். கோப்பித் தூளைக் குவளையிலேயே போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றித் தருகிறார்கள். அடியில் படியும்வரை பொறுத்திருக்க வேண்டும். சொன்னதும் எனக்குப் பாரம் இறங்கியிருந்தது. நல்ல காரியம் செய்தேன் என்று அவன் வாயால் கேட்க ஆசைப்பட்டேன். உண்மையைச் சொல்லிப்போட்டன் யோகன், இனி உனக்கும் சுகம்தானே என்றேன்.

அவன் குவளையைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். “அவளுக்கு நான் படியிலை சறுக்கின மனுசனா இருந்தன், அண்ணை. அதிலை ஒரு வெக்கமும் இல்லை, ஆரும் சறுக்கலாம். இப்ப நான் பயந்து வாயை மூடின மனுசன். நீங்கள் இறக்கி வைச்சிட்டியள். நான் என்ன செய்ய?”

அந்த மலையில் அவர்கள் ஒருவன் கூடையிலிருந்து எடுத்தார்கள். நான் என் கூடையிலிருந்ததை அவனுடையதற்குள் மாற்றியிருந்தேன். ஒரு தடவை டோர்வலில். இரண்டாம் தடவை, நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அங்கே.

திரும்பும் நாளில் சுரபாயாவில் என் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. சப்பாத்துப் புதிதாய் உள்ளே இருந்தது. டிலானி தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்குக் கையைக் கொடுத்து, கவனமாப் போங்கோ பெரியப்பா என்றாள். விமானத்தில் யோகன் பாதி வழி நடைபாதையில் நின்றுகொண்டு வந்தான். இருக்கச் சொன்ன பணிப்பெண்ணுக்கு, நாரி என்று மட்டும் சொன்னான். எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். போன மாதம் கோயில் மண்டபத்தில் நடந்த, பிள்ளைகளின் முதல் நன்மை விருந்துக்கு உங்களில் அரைவாசிப்பேர் வந்திருந்தீர்கள். நான் வேலைக்கு எடுத்துவிட்ட பதினான்கு பேரில் ஆறேழு பேர் ஒரே மேசையில் இருந்தோம். யோகன் வழமைபோல நின்றுகொண்டு றோல்ஸ் சாப்பிட்டான். எங்கள் மேசையிலிருந்த ஒருவர், பெயர் வேண்டாம், அவனைக் கூப்பிட்டு, யோகண்ணை எரிமலை ஏறப் போனவராம், வீட்டுப் படியே ஏறத் தெரியாத மனுசன் என்றார். என்னுடைய பகிடிதான், நான் பழக்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். யோகனும் சிரித்தான். ஓம், படி எனக்கு ஒத்துவராதுதானே என்றான். என்னைப் பார்க்கவில்லை.

அந்த மேசையில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். மலையில், மகளிடம், மூன்றாம் ஆளைப்போல நின்று சொல்லியிருக்கக் கூடாது. இங்கே, அவனைப் பார்த்துச் சிரித்த ஆட்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

வெளியே கார் எடுக்கும்போது, இதை மலரில் எழுதப்போகிறேன் என்று யோகனுக்குச் சொன்னேன். வேண்டாம் என்பான் என்றுதான் நினைத்தேன். “எழுதுறதெண்டால் முழுக்க எழுதுங்கோ அண்ணை. பாதியை என்னட்டை விட்டுவைக்காதேங்கோ,” என்றான்.

ஆகவே முழுக்க எழுதுகிறேன். டிலானிக்கும் நான் சொல்லாத பாதி இது.

அவனுக்கு நாரி விட்ட நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கார்த்திகை மாதம், நல்ல வெயில். மொன்றியலில் பனி இன்னும் விழவில்லை. படி காய்ந்துபோய்க் கிடந்தது. காய்ந்த படியில் சறுக்கினான் என்றால் ஆர் நம்புவார்கள்? புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவனை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பைச் சுற்றி ஒரு சீலைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். பெட்டியில் சீட்டுப் பார்க்கிற இடத்தில் நிறுத்தினேன், அங்கேயும் குனிய வேண்டியிருந்தது. குனியும்போதெல்லாம் என்னைப் பார்த்தான். நான் மற்றப் பக்கம் பார்த்தேன். முதல் நாளே படுத்திருந்தால் இவ்வளவுக்கு வந்திராது என்று டாக்குத்தர் பிறகு அவனுக்குச் சொன்னார். அவன் எனக்கு மட்டும் சொன்னான்.

பயந்தவன் அவன் இல்லை. வெள்ளிக்கிழமை விடிய என் யன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாய் இருந்தது. ரெலிபோனை எடுத்தேன்.

“யோகன், பனி கொட்டியிருக்கு. இண்டைக்கு விழு.”

“ஓம் அண்ணை,” என்றான்.